களாச்செடியில் ஒரு குரல்

விஜயநகரில் வீடு கட்டிக் குடிவந்ததும் பூவாத்தாள் வேலியோரம் களாச்செடி வைத்தாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தனியாள். முள் அடர்ந்தால் பூனை நுழையாது, குருவிகள் கூடு கட்டும் என்று நினைத்தாள்.

"வாசல்ல முள்ளுச்செடி ஆகாதுங்கம்மா" என்று பக்கத்து வீட்டு லிங்கப்பன் இரண்டு முறை சொன்னார். அவள் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் செடி வெள்ளையாகப் பூத்தது. கொண்டைக்குருவி ஜோடி ஒன்று உள்ளே கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது.

அந்த வாரம் தண்ணீர் ஊற்றப் போனவள், முள்ளில் ஒரு வெட்டுக்கிளி குத்தப்பட்டிருப்பதைப் பார்த்தாள். அதன் கால் இன்னும் அசைந்தது. மறுநாள் ஓர் ஓணான் குட்டி, கழுத்தில் முள் ஏறி, வாய் திறந்தபடி. அதற்கடுத்த நாள் தலையில்லாத சுண்டெலி. எல்லாம் அவள் மார்பு உயரத்தில், யாரோ கையால் செருகியதுபோல.

நேரே லிங்கப்பனிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, செடி புடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லோணும். வாயில்லாச் சீவன எதுக்குக் குத்தி வெக்கறீங்க?"

அவர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சாமி சத்தியமா நானில்லீங்க. இந்தச் செடிப்பக்கமே நான் வாரதில்லை."

பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அன்று நண்பகல் கொண்டைக்குருவிகள் அலறின. ஓடிப் போவதற்குள் கூடு காலி. ஒரு குஞ்சு மட்டும் முள்ளில் தொங்கியது. அதை எடுத்துப் புதைத்தாள். மற்ற இரண்டைக் காணோம். தாயும் தகப்பனும் சாயங்காலத்துக்குள் போய்விட்டன.

மறுநாள் செடிக்குள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்டது. பசித்தால் கத்தும் அதே குரல். ஒன்று பிழைத்திருக்கிறது என்று கிளைகளை விலக்கித் தேடினாள். கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது. உள்ளே எதுவும் இல்லை. குரல் தலைக்கு மேலிருந்து வந்தது.

உச்சிக் கிளையில் ஒரு சின்னப் பறவை. கண்ணைக் கட்டினாற்போல் கறுப்புப் பட்டை, வளைந்த அலகு. கீச்சான், பிடித்த இரையை முள்ளில் குத்தி வைத்துத் தின்னும் பறவை. அது அவளைப் பார்த்தபடி அலகைத் திறந்தது. குஞ்சின் குரல் வந்தது. அடுத்து தாயின் குரலும்.

லிங்கப்பன் அரிவாளோடு வந்து நின்றார். "செடிய வெட்டிப் போடலாங்களா?"

அவள் ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள்.

"வேண்டாங்கண்ணா. பறவைக்குன்னுதான் வெச்சேன். இதும் பறவைதானுங்க."

உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். வெயில் சாயும் வரை குஞ்சு பசியோடு கத்திக்கொண்டே இருந்தது.