பகலில் கணவர் எடுப்பார்

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் குற்றப்பத்திரிகை என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் குற்றப்பத்திரிகை. அது அவளுக்கும் தெரியும். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்துக்கொண்டு மற்ற எல்லா வேலைகளையும் தாங்கிப் பிடிக்கிறதே, இயங்குதளம், அதைத் தயாரிக்கும் நிறுவனம் அது. புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் கூடவே ஒரு குறிப்பும் போகும். மேல் பாதியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற பெருமை. கீழ்ப் பாதியில் ‘தெரிந்த குறைகள்’: இன்னும் சரிசெய்யாத தவறுகள் எவை, யாரைப் பாதிக்கும், சரியாகும்வரை எப்படிச் சமாளிப்பது என்ற விவரம். மேல் பாதியை எழுத ஆளுக்கு ஆள் முந்துவார்கள். கீழ்ப் பாதி அவளுடையது.

அவள் அதைப் புண்ணிய காரியமாகவே செய்தாள். தெருவில் ஒரு பள்ளம். நம்மால் மூட முடியவில்லை. பின்னால் வருகிறவர் விழாமலிருக்க ஒரு கிளையை ஒடித்து நட்டுவிட்டாவது போகலாமே. எழுதி முடித்ததும் கண்ணை மூடி, ‘யாரும் திண்டாடக் கூடாது, கடவுளே’ என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் அனுப்புவாள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

“மேடம், அடுத்த பதிப்பிலேருந்து இந்தக் கீழ்ப் பாதியை எடுத்துடலாம்னு பார்க்கறேன். வீடு வாங்க வந்தவன்கிட்ட கூரை ஒழுகும்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“ஒழுகுதே சார்.”

“ஒழுகட்டும். யாரு படிக்கறா அதை? உங்களை விளம்பரப் பிரிவுக்கு மாத்திடறேன். நல்லா எழுதறீங்க, நல்லதையே எழுதுங்களேன். வியாழக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்.”

“படிக்கறாங்க சார். நம்ம ஆபீஸ்லயே ஆறு பேர் படிச்சுட்டுத்தானே ஒப்புதல் குடுக்கறீங்க?”

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

அந்த ஒப்புதல்களைப் பற்றி அவளுக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம். குறிப்பை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் ஆறு பேரிடமிருந்தும் ‘படித்தேன், சரி’ வந்துவிடும். அவ்வளவு வேகமாகக் கண் ஓடுமா? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தாள்.

அந்த வாரம் வெளியாக இருந்த பதிப்பில் ஒரு குறை இருந்தது. இரண்டு பிரிண்டர்கள் இணைந்திருக்கும் இடத்தில், இங்கே அச்சிடச் சொன்ன தாள் சில சமயம் அங்கே போய் விழும். வேண்டாத பிரிண்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரியாகும் என்று எழுதினாள். அதன் கீழே தன் வீட்டு ஃபோன் எண்ணைப் போட்டு இரண்டு வரி சேர்த்தாள்: ‘அப்படியும் சரிவராவிட்டால் இந்த எண்ணை அழைக்கவும். பகலில் கணவர் எடுப்பார்.’

ஆறு பேரில் ஒருவராவது சிரித்துக்கொண்டே ஓடி வருவார் என்று காத்திருந்தாள். ஆறு ‘படித்தேன், சரி’ வந்தன.

வெள்ளிக்கிழமைதான் வெளியீடு. வியாழக்கிழமை கூட்டத்தில் அந்த வரியைத் திரையில் காட்டி ஆறு பேர் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்பது திட்டம். பிறரை வெட்கப்பட வைப்பதற்காகச் செய்யும் காரியத்தில் கடவுள் துணை நிற்பதில்லை. அன்று அவர் ‘நாளைக்கு’ தம்பியின் பக்கம் நின்றார்.

ஆறு பேரில் ஒருவரான, பதிப்பை வெளியே அனுப்பும் பொறியாளருக்குத்தான் அந்தப் பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பவன். செவ்வாய்க்கிழமை காலையில் அவனிடம் அவள் ஆசையாக ஒரு புத்திமதி சொல்லியிருந்தாள். “ஒரு தடவையாவது ஒரு வேலையை முன்னாடியே முடிச்சுப் பாரு தம்பி. மனசு எவ்வளவு லேசாகும் தெரியுமா?”

அன்று மதியம் அவள் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. ‘அக்கா, உங்க பேச்சைக் கேட்டு இன்னிக்கே வெளியிட்டுட்டேன். நீங்க சொன்னது நெஜம்தான், மனசு பஞ்சு மாதிரி இருக்கு!’

அவள் அலறினாள்.

“நான் இன்னும் தொடவே இல்லையேம்மா,” என்றார் பல் டாக்டர்.

வெளியான குறிப்பில் யாரும் கைவைக்க முடியாது. காரணத்தை எழுதிக் கொடுத்து, மேனேஜர் அனுமதித்தால்தான் திறக்கும். காரணமாக எதை எழுதுவது? உண்மையை எழுதினால் வேலை போய்விடும். வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து விளக்கின் முன்னால் உட்கார்ந்து, ‘யாரும் அதைப் படிக்கக் கூடாது, கடவுளே’ என்று வேண்டினாள். வேண்டிய பிறகுதான் என்ன வேண்டினோம் என்பது உறைத்தது. இத்தனை வருஷமும் படிக்க வேண்டும் என்றுதானே எழுதினாள்?

அன்று மாலை ஃபோன் ஒலிக்கவேயில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

“பல்லு வலியா?” என்று கணவர் கேட்டார்.

“இல்லைங்க. யாரும் கூப்பிடலை.”

“யாரு கூப்பிடணும்?”

“யாரும் கூப்பிடக் கூடாது.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பழகியதுதான்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மறுபடி ஏற்றப் போகும்வரை வீட்டில்தான் இருப்பார். மனைவி எழுதியதை ஒரு நாளும் படித்ததில்லை. “படிச்சா தூக்கம் வருது. எனக்கு வண்டி ஓட்டணும்” என்பார்.

புதன்கிழமை நண்பகலில் அவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார்.

“ஏம்மா, யாரோ ஒரு அம்மா கூப்பிட்டு, ‘நீங்கதான் கணவரா?’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன். வேற என்ன சொல்ல? உடனே, ‘எங்க பிரிண்டர் பக்கத்து ரூம்ல துப்புது, என்ன பண்ணலாம்?’னாங்க. நான் யாரோட கணவர்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

பயத்துக்கு நடுவே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. யாரோ ஒருத்தி கடைசி வரிவரை படித்திருக்கிறாள்! அவள் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கணவரிடம் ஒப்பித்தாள். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது.

“சரி, நீ எழுதினது எங்க இருக்குன்னு சொல்லு. அந்த அம்மா திரும்பக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. பாவம், முழிச்சுட்டு இருப்பாங்க.”

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, குறிப்பைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் வேனுக்குப் போய்வந்த நேரம் தவிர வேறெங்கும் நகரவில்லையாம்.

“அந்த அம்மாவுக்கு அப்புறம் நாலு பேர் கூப்பிட்டாங்க. அதுல ஒண்ணு, முதியோர் இல்லத்துலேருந்து ஒரு பொண்ணு. யாருக்கு என்ன மாத்திரைன்னு அச்சடிக்கற பேப்பர் சமையக்கட்டுல போய் விழுந்திருக்கு. சமையக்காரர் அதை எடுத்து வெச்சுக்கிட்டு, இன்னிக்கு மதியம் இதைத்தான் பண்ணச் சொல்றாங்க போலன்னு யோசிச்சுட்டு இருந்தாராம். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. நீ எழுதினதை வரி வரியா மெதுவாப் படிச்சேன். சரியான ரூம்ல பேப்பர் வர்ற வரைக்கும் வைக்கலை. ‘ரொம்ப நன்றி, கணவர் சார்’னுச்சு.”

அவர் தாளை மடித்தார்.

“நல்லா எழுதறம்மா. பதறிப்போய்க் கூப்பிடறவங்க கேக்கக் கேக்க அடங்கிடறாங்க. இதையா எடுக்கப் போறாங்க?”

“நாளைக்குக் கூட்டத்துல முடிவாகும். கூப்பிட்டவங்களைப் பத்திச் சொன்னா இது பிழைக்கும், என் வேலை போகும். சொல்லலைன்னா என் வேலை பிழைக்கும், இது போகும்.”

“என்ன பண்ணப் போற?”

“ஊர்ல இருக்கற குறையெல்லாம் எழுதறவ, என்னோடதை மட்டும் மறைச்சா, சாமி முன்னாடி எந்த மூஞ்சியோட நிக்கறது?”

வியாழக்கிழமை கூட்ட அறையில் ஆறு பேரும் இருந்தார்கள். ஒப்புதல் கொடுத்த அதே ஆறு பேர். மேனேஜர் பேச்சைத் தொடங்கும் முன் அவள் எழுந்து நின்று, வீட்டு எண்ணைப் போட்டதையும், அது வெளியே போனதையும், மறைத்ததையும், நேற்று முழுவதும் மக்கள் கூப்பிட்டதையும் சொன்னாள்.

மேனேஜரின் முகம் சிவந்தது. “இது எப்படி வெளியே போச்சு? யாரு ஒப்புதல் குடுத்தது?”

ஆறு பெயர்களும் திரையில் வரிசையாக இருந்தன. முதல் பெயர் மேனேஜருடையது. அவள் ஆசையாகக் காத்திருந்த நொடி அதுதான். ஓரத்தில் ‘நாளைக்கு’ தம்பி நாற்காலிக்குள் ஒடுங்குவது தெரிந்தது. புத்திமதியை நம்பி, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முன்கூட்டி வேலை செய்த பிள்ளை.

“தப்பு என்னோடது சார்,” என்றாள்.

மேனேஜர் மேசை ஃபோனை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, திரையிலிருந்த எண்ணை அழுத்தினார்.

“வணக்கம். கணவர் பேசறேன்.”

மேனேஜர் இருமினார். “வந்து… பிரிண்டர். பேப்பர் வேற ரூமுக்குப் போகுது.”

“பதறாதீங்க சார். உங்க மேல தப்பில்லை. குறிப்புல கீழ்ப் பாதியைப் படிச்சீங்களா?”

“…இல்லை.”

“பரவாயில்லை, நானே நேத்து வரைக்கும் படிச்சதில்லை. அந்த ஆபீஸ்லயே யாரும் படிக்கறதில்லையாம்!”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எழுதறவங்க பாவம், சார். எழுதி முடிச்சு, படிக்கறவங்க யாரும் திண்டாடக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுட்டுத்தான் அனுப்புவாங்க. நாளைக்கே வேலை இருக்குமோ என்னமோ. நீங்க ஒரு தடவை படிச்சுடுங்க, அவங்களுக்கு ஒரு சந்தோஷம். நான் லைன்லயே இருக்கேன், மெதுவாப் படிங்க.”

மேனேஜர் திரையைப் பார்த்தார். உதடு அசைய, முதல் குறையிலிருந்து படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது, அடக்கப் பார்த்தும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

“படிச்சுட்டேன்,” என்றார்.

“பேப்பர் சரியா வந்துச்சா சார்?”

“வந்துடுச்சு. நன்றி… கணவர் சார்.”

ஃபோனை வைத்ததும் ‘நாளைக்கு’ தம்பி கையைத் தூக்கினான். “சார், நானும் படிக்கலை. படிச்சேன்னு போட்டேன்.” பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் மேனேஜர்.

“எண்ணை எடுத்துடுங்க, மேடம். இன்னிக்கே,” என்றார். “கீழ்ப் பாதி இருக்கட்டும். நீங்களும்.”

அவர் அனுமதியோடு எண்ணை அப்போதே எடுத்துவிட்டு, அவள் திருத்திய குறிப்பின் தெரிந்த குறைகளில் முதலாவதாகத் தன்னுடையதையே சேர்த்தாள்: ‘முந்தைய குறிப்பில் ஒரு வீட்டு ஃபோன் எண் தவறாக இடம்பெற்றுவிட்டது. பாதிக்கப்பட்டவர்: ஒரு கணவர். நிலை: சரிசெய்யப்பட்டது.’ ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவினாள். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம்வரை ஒன்றும் வரவில்லை. அவ்வளவு அழகான தாமதத்தை அவள் அனுபவித்ததே இல்லை. கிளம்பும் நேரத்தில் மேனேஜரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: ‘பாதிக்கப்பட்டவர் என்பது சரியா? குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லையே.’

அவள் சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தாள்.

வீட்டில் ஃபோன் அமைதியாக இருந்தது. பக்கத்தில் கணவர், மூக்குக் கண்ணாடியோடு.

“இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல யாரும் கூப்பிடலைம்மா,” என்றார் சற்று வருத்தமாக. “எண்ணை எடுத்துட்டாங்களா?”

“எடுத்தாச்சுங்க.”

“சரி.” அவர் மடித்து வைத்திருந்த தாளை மறுபடி விரித்தார். “உட்காரு. இந்த மூணாவது குறை எனக்குப் புரியலை. கொஞ்சம் சொல்லு.”