பிறக்காதவர்களின் வகுப்பு

பல்பு ஃபாக்டரியை மூடியதற்கு மறு வருஷம் ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, பிறக்காத அந்தப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை; பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. டீச்சர் பழக்கதோஷத்தில் "ஒண்ணு" என்று கூப்பிட, முதல் பெஞ்சிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. மற்ற எண்களுக்கும் வந்தது. தலைமையாசிரியர் கறாரான மனுஷர். வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சத்தம் வருதில்ல, ஆஜர் போடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அதன்பின் சாக்பீஸ் காணாமல் போனது, மழை நாளில் வருகை குறைந்தது, எல்லாம் மற்ற வகுப்புகளைப் போலத்தான்.

கடைசி எண்ணைக் கூப்பிடும்போது மட்டும் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அவள் கணவர் அந்த ஃபாக்டரியில் ஃபிட்டர். எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் வாய் திறப்பார். மூடிய வாரம் அவர்களுடைய ஒற்றை அறையில் அப்படித்தான் யோசித்து, "ஃபாக்டரி திறக்கட்டும், குழந்தையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "ஆமா, இப்ப என்ன அவசரம்" என்றாள் இவளும். அன்று எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான், யாரைக் குறை சொல்ல? ஆனால் மற்றவர்கள் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டொரு வருஷத்தில் துணிந்துவிட்டார்கள். இவர்கள் பூட்டிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட் திறக்க ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் டாக்டர் கையை விரித்துவிட்டார். பாவி, ஒரு வருஷம் துணிந்திருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

ஒவ்வொரு வருஷமும் அந்த வகுப்போடு அவளும் மேலே போனாள். அந்த வகுப்பு வேண்டுமென்று வேறு யாரும் கேட்காததால் தடையுமில்லை. வாய்ப்பாடு, இலக்கணம், எட்டாம் வகுப்பில் உடைந்த குரல்கள். ஒருநாள் அவள் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸோடு ஃபிட்டர் வந்தார். வாசலில் நின்று வருகை எடுப்பதைக் கேட்டார். இருபத்து மூன்றாவது குரல், எப்போதும்போல, கொஞ்சம் யோசித்து வந்தது. "நம்ம வீட்டுக் குரல் மாதிரி இருக்கே" என்றார். டிபனை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பத்தாம் வகுப்பின் கடைசி நாளும் வந்தது. இருபத்திரண்டு பேர் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். "இருபத்து மூணு" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"உள்ளேன் அம்மா."

ஆஜர் போட்டாள். இன்னொரு தடவை கூப்பிட மனசு கிடந்து தவித்தது. ஒரு எண்ணை ஒரு நாளில் ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. அவள் கூப்பிடவில்லை.