பட்டியலில் ஒரு நட்சத்திரக்குறி

ரமாவின் பட்டியல் ஒரு திரையில் அடங்கவில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. சண்டை என்றால் எனக்குள்தான். அவளுக்கு வெகுநாள் அது தெரியாது.

தாம்பரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நான் தற்காலிக ஆபரேட்டர். பி.எஸ்சி. கணிதம். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பொன்னுசாமிக்கு சென்ட்ரிங் வேலை, வீடு இரும்புலியூரில். ரமா நிரந்தர புரோகிராமர். கீழ்க்கட்டளையிலிருந்து கைனடிக் ஹோண்டாவில் வருவாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. அவளுடைய தோல் செருப்புக்குப் பக்கத்தில் என் ரப்பர் செருப்பைக் கழற்றிவிடும்போதே எனக்கு அன்றைய நாள் கெட்டுவிடும்.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். ஈ-மெயில் அப்போதுதான் வந்திருந்தது. காலையிலும் மாலையிலும் மோடம் டெலிபோனில் இணைந்து எல்லோருடைய மெயிலையும் கொண்டுவந்து போடும். படித்ததை ஆளுக்கொரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். சேமிப்பார்கள், அப்புறம் திறக்கத் தெரியாது. என்ன பெயர் வைத்தோம், எந்தக் கட்டளை அடிக்க வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்து ஓடி ஓடி அலுத்துப்போய், யாரும் கேட்காமலே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன், கட்டளைகளைக் கோத்த ஒரு சின்ன புரோகிராம். பெயர் ‘தபால்’. அதை அடித்தால் உங்கள் மெயில் ஃபைல்களையெல்லாம் எண் போட்டு வரிசையாகக் காட்டும். எண்ணைத் தட்டினால் அந்த ஃபைல் மெயில் புரோகிராமில் திறந்துகொள்ளும். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் விஞ்ஞானிகளிலிருந்து கேஷியர்வரை எல்லோரும் அதைத்தான் அடித்தார்கள்.

அப்போதுதான் ரமா வந்து நின்றாள்.

“கனகா, எனக்கு மேல இருக்கறதெல்லாம் ஓடிப்போயிடறது. ஒரு ஸ்க்ரீன் முடிஞ்சா நிக்கற மாதிரி பண்ணிக் குடேன்.”

போய்ப் பார்த்தேன். அமெரிக்காவில் அண்ணன், சிங்கப்பூரில் சித்தி பெண், எங்கெங்கோ படிக்கப் போன சிநேகிதிகள். ஆளுக்கொரு ஃபைல். பச்சை எழுத்துகள் திரையைத் தாண்டி ஓடின. அந்தக் கட்டடத்திலேயே அந்தக் கோளாறு அவள் ஒருத்திக்குத்தான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்தேன். அதுவரை எங்கள் பிரிவுத் தலைவர் சாரின் பழைய மெயில்களை வைத்துத்தான் ஸ்கிரிப்டைச் சோதித்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பெயரில் இருந்த லாகினில் நுழைந்து ‘தபால்’ அடித்தேன்.

ஒரே ஒரு வரி வந்தது. எண் ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி.

என் தப்புதான். இருக்கிற ஃபைலையெல்லாம் எடு என்பதற்கு ஷெல்லில் நட்சத்திரக்குறி போடுவோம். ஒரு ஃபைலும் இல்லையென்றால் ஷெல் அந்தக் குறியையே அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்றுமே இல்லாத ஒருத்தியும் இதை அடிப்பாள் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா எல்லம்மா விசாரித்தாள். சொன்னேன். புளியைக் கரைத்துக்கொண்டே சிரித்தாள்.

“நீ யாருக்குனா எய்தினியாடி? எய்தாதவளுக்கு எவன் எய்துவான்? அந்தப் பொண்ணு மேல இன்னாத்துக்கு எரிஞ்சு வியுற?”

நான் யாருக்கு எழுதுவது? எனக்குத் தெரிந்தவர்களில் ஈ-மெயில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தார்கள்.

அடுத்த மாதம் டிஸ்க் நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சார், மெயில் வராத லாகின்களையெல்லாம் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை மாலை அழித்துவிடச் சொன்னார். அதற்கும் நான்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். வந்த பெயர்களை அச்சடித்துக் கொடுத்தேன். நிலையத்தை விட்டுப்போன மாணவர்கள், டைப்பிஸ்டுகள், அப்புறம் நான். என் லாகின் போனால் பொது லாகினில் டேட்டா என்ட்ரிதான் அடிக்கலாம். சொந்தமாக ஒரு வரி எழுதிவைக்க இடம் இருக்காது. டேட்டா என்ட்ரிப் பெண்ணாகவே காலம் ஓடிவிடும். சார் என் பெயரைப் பேனாவால் தொட்டுக் கடந்தபோது, என்னுடையதும் இருக்கிறதே என்றேன்.

“நீ காமன் லாகின்ல வந்துக்கோ. உனக்கு யாரும்மா மெயில் போடப் போறா?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ரமா காதில் அது விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எனக்கு முதல் மெயில் வந்தது. அவளுடைய அண்ணன் அனுப்பியிருந்தான். ஹலோ கனகா, உனக்கு மெயிலே வருவதில்லை என்று ரமா சொன்னாள், இதோ ஒன்று, உன் லாகின் பிழைத்துக்கொள்ளும். கீழே ஒரு சிரிப்பு முகம். அவளிடம் வழிகிறதிலிருந்து எனக்கு ஒரு கரண்டி. உடனே அழித்தேன்.

மாலையில் சார், யாருடையதையும் அழிக்க அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். பட்டியலில் இருந்ததை ஒன்றுவிடாமல் அழித்தேன், என்னுடையதையும் சேர்த்து. ‘தபால்’ என் லாகினுக்கு ஒதுக்கிய இடத்தில், என் டைரக்டரியில்தான் இருந்தது. எல்லோரும் அங்கிருந்துதான் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சார் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எந்த டெர்மினலில் ‘தபால்’ அடித்தாலும், அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. கேஷியர் ஏசுபாதம் மூன்று தடவை எழுந்து வந்தார். ரமா தன் அண்ணன் ஃபைலைத் தேடித் தப்பான பெயர்களாக அடித்துக்கொண்டிருந்தாள். சார் என்னைக் கூப்பிட்டு, நகல் எடுத்துவைத்த பேக்கப் டேப்பிலிருந்து எடுக்க முடியாதா என்றார். முடியும் என்றேன். பொது இடத்தில் போட்டுவிட்டால் யார் லாகினும் தேவையில்லை என்று ரமா சொன்னாள். சரியான யோசனைதான்.

“போடலாம் சார். நாளைக்கு அதுல ஒரு கோளாறு வந்தா, யார் லாகின்ல வந்து யார் சரிபண்றது?”

சார் ரமாவைப் பார்த்தார். ரமா கீபோர்டைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் என் லாகின் திரும்ப வந்துவிட்டது. ‘தபால்’ பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது, மெயில் வந்திருக்கிறது என்று திரை சொன்னது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

“நீ வேணும்னேதான் பண்ணினே. அண்ணாகிட்ட கெஞ்சி ஒரு மெயில் போடச் சொன்னேன். அதையும் அழிச்சிருக்கே, இல்லேன்னா உன் லாகின் எப்படிப் போகும்? எம்மேல உனக்கு ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்? ரமா.”

நாலு டெர்மினல் தள்ளி அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. இது போனால் போகட்டும் என்று போட்ட மெயில் இல்லை. எனக்கென்று, என்மேல் கோபப்பட்டு எழுதியது. அவள் பெயரிலேயே ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு ‘தபால்’ அடித்தேன். ஒரு வரிதான் வந்தது. நட்சத்திரக்குறி இல்லை. எண் ஒன்று, ரமா.

அவளுடைய பட்டியல் இன்னும் இரண்டு திரை ஓடும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது. எண்ணைத் தட்டி மெயிலைத் திறந்து, பதில் எழுதுவதற்கான எழுத்தை அழுத்தினேன்.

‘ஆமாம், வயித்தெரிச்சல்தான். ஏன்னு சொல்றேன், கேளு’ என்று ஆரம்பித்தேன்.