துண்டுக்குள் நாற்பது

நைனா முகமதுவுக்கு இலவசம் என்றாலே சந்தேகம். கடைக்காரன் கறிவேப்பிலையைச் சும்மா கிள்ளிக் கொடுத்தால்கூட, கத்தரிக்காயில் எவ்வளவு ஏற்றியிருப்பான் என்று வீடு வரும்வரை யோசிப்பார். நாற்பது வருஷத் தோல் தரகு அப்படிப் பழக்கிவிட்டது. ஆட்டுத்தோலை ஒருமுறை தடவினால் எங்கே ஓட்டை, எங்கே ஒட்டு என்று சொல்லிவிடுவார். திண்டுக்கல் தோல் சந்தையில் விலை பேசி அவர் பிடித்த விரலுக்கு மறுபேச்சு கிடையாது.

அவர் மகள் ரஃபியா, புருஷன் அயாஸை விட்டுவிட்டு நாகல் நகருக்கு அத்தா வீடு தேடி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வரும்போது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையில் ஆறு வயது மகள் நுஸைபா. வயிற்றிலும் ஒன்று வந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு வாரம்.

"இது வேணாம் அத்தா. இதைப் பெத்தேன்னா, அதையே சாக்கு வச்சு என்னைய அந்த வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாக."

மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அழாமல்தான் சொன்னாள். தாயில்லாத பெண், இந்தப் பேச்சைத் தகப்பனிடம்தான் பேச வேண்டியிருந்தது. நைனா முகமது மாவுக்கட்டைப் பார்த்தார். ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் மாலதி என்ற பெண் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிராமலே சொன்னாள்: "வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அப்புறம் டாக்டரம்மாவப் பாக்கலாம்."

"என் கையெழுத்தே போதும்க்கா. பதினெட்டு வயசு தாண்டியிருந்தா வேற யாரு சம்மதமும் வேணாம்னு சட்டத்துல இருக்கு," என்றாள் ரஃபியா.

"சட்டம் இருக்கும்மா. நாளைக்கு உம் புருஷன் நாலு பேரக் கூட்டியாந்து இந்தக் கண்ணாடிய ஒடைச்சான்னா, சட்டமா வந்து கண்ணாடி மாட்டும்?"

நைனா முகமதுவுக்கு மாலதியின் பேச்சுதான் பிடித்தது. உலகம் தெரிந்த பேச்சு. மகள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். சட்டம் சும்மா தருகிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. சும்மா தருகிற இடத்தில் பின்னால் ஏதோ பிடித்துக்கொள்வார்கள்.

"செத்த சும்மா இரு புள்ள. கையெழுத்து ஒண்ணுதான? நான் வாங்காத சரக்கா?"

"ஒம்போது வாரம் தாண்டிட்டா மாத்திரை தரமாட்டாக அத்தா."

"ரெண்டு வாரம் கெடக்குல்ல. அதுக்குள்ள ஒரு கோடவுனையே கைமாத்தி விட்டுருவேன்."

சம்பந்தி அப்துல் ஜப்பாருக்கும் தோல் வியாபாரம்தான். அயாஸ் அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவான். பொண்டாட்டியை அடிப்பதற்கு மட்டும் யாரையும் கேட்கமாட்டான். ஆகவே பேச்சு பெரியவர்களுக்குள் நடந்தது, தோல் கோடவுனில், உப்புப்போட்ட தோல் அடுக்குகளுக்கு நடுவில்.

"ஹராம் சம்பந்தி," என்றார் ஜப்பார். "அல்லாஹ் குடுத்த உசுரு."

"நாலு மாசம் போனாத்தான் கருவுல ரூஹு, அந்த உசுரு, ஊதப்படும்னு ஓதுனவுகளே சொல்றாக."

"அதுக்காக? காரணமில்லாமக் கலைக்கலாம்னு எந்த ஹஜ்ரத்து சொன்னாரு?"

"எலும்பு ஒடஞ்சது காரணமில்லையா சம்பந்தி?"

ஜப்பார் டீயை உறிஞ்சினார். நைனா முகமது செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். எழுந்து போவது பேரத்தில் பாதி. சரக்கு வேண்டுமென்பவன் பின்னாலேயே கூப்பிடுவான். ஜப்பார் கூப்பிடவில்லை. அவருக்கும் அதே பாடம்தானே. இருவரும் கெத்தை விடாமல் உட்கார்ந்திருந்ததில் ஒரு வாரம் போயிற்று. இரண்டாம் தடவை போனபோது ஜப்பார் ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அதில் இன்னொரு வாரம்.

மூன்றாம் தடவை ஜப்பார் மார்க்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஹராம் என்று ஆரம்பித்தவர் விலைக்கு வந்திருந்தார்.

"கையெழுத்து தாரோம். ஒங்க புள்ள எங்க வீட்டுக்குத் திரும்பி வரணும். பொண்டாட்டி போயிட்டானு ஊருக்குள்ள எம் மகன் தலகாட்ட முடியல. வேலைக்கும் போகக் கூடாது. எப்ப வாரான்னு மட்டும் பேசிக்கிருவோம்."

பேசிக்கொண்டே பழக்கத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைமீதும் போட்டார். தோல் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. ஒரு விரல் என்பது ஒன்றா, பத்தா, நூறா என்பது மட்டும் வாயில் வரும். துண்டை எடுத்தபின் பேச்சு மாறினவன் மறுபடி சந்தைக்குள் கால்வைக்க முடியாது.

ஜப்பார் ஒரு விரலைப் பிடித்தார். "பத்து. பத்து நாளு."

நைனா முகமது சிரித்தார். கை பழகிய வேலைக்கு வந்துவிட்டது. ஐந்து விரலைப் பிடித்தார். ஜப்பார் இரண்டு. இவர் ஐந்தை விடவில்லை. ஜப்பார் மூன்றாக்கி உச்சுக்கொட்டினார். இழுத்து இழுத்துக் கடைசியில் நான்கு விரலில் படிந்தது. நாற்பது நாள். பத்தை நாற்பதாக்கிய குஷியில், வழியில் நுஸைபாவுக்கு அல்வா வேறு வாங்கிக்கொண்டார்.

"சும்மாவா குடுத்தாக?" என்று அயாஸின் கையெழுத்து இருந்த காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள் ரஃபியா.

"நம்ம மொகத்துக்காகத்தான்," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காகிதத்தைப் பார்த்ததும் மாலதி உள்ளே விட்டாள். டாக்டர் சரஸ்வதி ஸ்கேனைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பத்தாவது வாரம் நடக்குது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே முடிஞ்சிருக்கும். இப்ப மயக்கம் குடுத்துத்தான் செய்யணும். ஏம்மா இம்புட்டு நாள்?"

நைனா முகமது காகிதத்தை மேசையில் நீட்டினார்.

"இது என்னது?"

"மாப்ள கையெழுத்தும்மா."

"ஏன், கர்ப்பம் அவருக்கா?" டாக்டர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "இவ மேஜர். இவ கையெழுத்து ஒண்ணு போதும். இந்த மாலதிகிட்ட எத்தனை தடவைதான் சொல்றது!"

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரஃபியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன குடுத்தீக?"

அவர் சுவரில் இருந்த கொழுகொழு குழந்தைப் படத்தைப் பார்த்தார். அவள் அவர் தோளிலிருந்து துண்டை உருவினாள். அவர் கைமீது போட்டு, உள்ளே தன் கையை நீட்டினாள். சின்னப்பிள்ளையில் மிட்டாய்க்கு அவருடன் இப்படிப் பேரம் பேசியவள்தான்.

"வாயில வராட்டி விரல்ல சொல்லுங்க."

அவர் அவள் விரல்களில் நான்கைப் பிடித்தார்.

"பத்து," என்றார். "நாளு."

"அப்பறம் நான் அங்க போகணுமாக்கும்? வேலைக்கும் போகக் கூடாதுன்னுருப்பாக."

"அவுக பத்துன்னாக. நாந்தான் நாப்பதுக்குக் கொண்டாந்தேன்." சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

ரஃபியா கையை உருவிக்கொண்டாள். கட்டுப் பிரித்த மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருந்தது. "ஆட்டுக்கே உரிச்ச பெறகுதான் அத்தா தோலுக்கு வெல பேசுவாக," என்றாள். "நீங்க பேசுன பேச்சு, நீங்களே போய் அங்க குடியிருங்க." துண்டை மடித்து அவர் மடியில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட உள்ளே போனாள்.

அவள் மயக்கத்தில் இருந்தபோது ஜப்பாரின் போன் வந்தது.

"முடிஞ்சுதா சம்பந்தி? அப்ப இன்னைலருந்து எண்ணலாமா?"

நாற்பது வருஷத்தில் பிடித்த விரலை அவர் விட்டதில்லை. "எண்ணாதீக," என்றார் கடைசியில். "அந்தச் சரக்கு என்னுது இல்ல."

அப்போதும் வாயில் சரக்கு என்றுதான் வந்தது.

எதிர்முனையில் ஜப்பார் மெதுவாக, அங்கே கூடியிருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்கிறமாதிரிச் சிரித்தார்.

"சரிங்க சம்பந்தி. சந்தைக்கு வருவீகல்ல, அங்க பாப்போம்."