தலைமையுரைக்கு இருபத்திரண்டு நிமிடம்

கூட்டம் என்றால் முதலில் விளக்கேற்ற வேண்டும், பிறகு வரவேற்புரை, பிறகு தலைமையுரை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் டோர்ட்மண்ட் வடக்கு நகரத் தமிழ் மன்றத்துக்குப் பதினைந்து வருடமாக நான்தான் தலைவர்; பதினைந்து வருடமும் அப்படித்தான் நடந்தது. ஆகவே 2006 நவம்பரில் நடந்ததற்கு என்னை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. கொஞ்சம் சொல்லலாம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அந்தப் பகுதி இளைஞர் இல்லத்தின் மண்டபத்தில் நடந்தது. நாற்பத்துமூன்று பிள்ளைகள். அந்த வருடம் இல்லத்தார் புது விதி போட்டார்கள்: பயிற்சி பெற்ற இளம் தலைவர்கள் இரண்டு பேராவது இல்லாத சங்கத்துக்கு ஜனவரியிலிருந்து மண்டபம் கிடையாது. தலைவர்தானே, நான் இருக்கிறேனே என்று போய் நின்றேன். பயிற்சி கொடுக்கிற பிராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர், என் வயதைக் கேட்டாள். ஐம்பத்துநாலு என்றேன். இருபத்தாறுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, ஆனால் மண்டபம் அவர்கள் கையில் இருந்தது.

எங்கள் மன்றத்து வாசுதேவனின் மகள் ஆரணியையும், பிருந்தன் என்ற பெடியனையும் அனுப்பினோம். இரண்டு பேருக்கும் பதினேழு வயது. ஆரணி பரவாயில்லை. பிருந்தன் வாயைத் திறந்து வணக்கம் சொன்னாலே அதிசயம்.

"இவன் ஆருக்குத் தலைவன்?" என்று எங்கள் செயலாளர் யோசேப்பிடம் கேட்டேன்.

"வேறை ஆர் வருவினம் அண்ணை? மற்றதுகளுக்குப் பந்தடி இருக்கு" என்றான்.

ஆறு சனிக்கிழமை போனார்கள். முதலுதவி, சட்டம், சண்டை பிடிக்கிற பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது, எல்லாம் படித்தார்களாம். கடைசியாக ஒரு சோதனை. எங்கள் பிள்ளைகளை வைத்து, எங்கள் மண்டபத்திலேயே, இருவரும் ஒரு மணித்தியாலம் நிகழ்ச்சி நடத்த வேண்டும். பிராவ் கெஸ்லர் இருந்து பார்ப்பாள். அதில் தவறினால் அடுத்த பயிற்சி கோடையில்தான். அதுவரை நாற்பத்துமூன்று பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் இருத்துவது?

சோதனைக்கு முதல் நாள் ஆரணி தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, மூண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிக்கவேணும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா வந்து இருங்கோ."

"ஓம் பிள்ளை. நான் ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இருந்திடுவன்."

சும்மா எப்படி இருப்பது? வெளியாள் ஒருத்தி வருகிறாள், மன்றத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இரவோடிரவாக நிகழ்ச்சி நிரல் அடித்தேன். முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டோம். 'இளையோர் நிகழ்வு' ஐந்தாவதாக இருந்தது. நல்ல இடம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் பிராவ் கெஸ்லர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாங்கள் விளக்கேற்றினோம். ஐந்து திரிக்கு ஐந்து பேர். பிளோறன்ஸ் அக்காவின் திரி மட்டும் பற்ற மாட்டேன் என்றது. பிறகு தமிழ் வாழ்த்து. பிறகு யோசேப்பு வரவேற்றான், ஒருவரையும் விடாமல். பிறகு நான். மன்றம் தொடங்கிய தொண்ணூற்றொன்றிலிருந்து ஆரம்பித்துத் தொண்ணூற்றேழுக்கு வந்திருப்பேன், ஆரணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, காணும், நிப்பாட்டுங்கோ. இருங்கோ."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஒலிவாங்கி என் கையில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. என் மானம் கப்பலேறியது. தகப்பன் அதட்டுவான் என்று பார்த்தேன். வாசுதேவன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி, போய் இருப்போம் என்று திரும்பினால் என் கதிரையைப் பிருந்தன் தூக்கிக்கொண்டு போகிறான்.

"இந்த இடம் பாலத்துக்கு வேணும் மாமா. பின்னுக்கு நில்லுங்கோ."

அன்றைக்குத்தான் அவனுடைய குரலை முழுதாகக் கேட்டேன்.

பழைய பத்திரிகைத் தாளிலும் ஒட்டுநாடாவிலும் பாலம் கட்டுவதுதான் அவர்களுடைய விளையாட்டு. நான்கு குழு, மேசைக்கு மேசை பாலம். ஒரு சின்னவன் தன் பாலம் விழுந்ததும் நிலத்தில் புரண்டு அழுதான். தாய் எழும்பினாள். பிருந்தன் கையைக் காட்டி அவளை மறித்துவிட்டு, பையனுக்குப் பக்கத்தில் தானும் நிலத்தில் படுத்தான். என்ன சொன்னானோ தெரியாது, ஒரு நிமிடத்தில் இருவரும் எழும்பித் தாள் சுருட்டினார்கள். நான்கு மணிக்கு மூன்று பாலம் நின்றது. நான்காவது பாதியில் நின்றுபோனது.

பிராவ் கெஸ்லர் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "மூன்று மணிக்குத் தொடங்குவதாக எழுதித் தந்தீர்கள். தொடங்கியது மூன்று இருபத்திரண்டுக்கு. ஏன்?"

மண்டபம் போகப்போகிறது, என் வாயால் போகப்போகிறது. ஆரணி என்னைக் கையால் காட்டினாலும் நான் பேச ஏலாது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் பொறுப்பு. ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பிழை என்னுடையது" என்று ஜெர்மனில் சொன்னாள்.

பதினைந்து வருடத்தில் நூறு கூட்டமாவது நடத்தியிருப்பேன். மழைக்குப் பழி, ஒலிபெருக்கிக்குப் பழி, யோசேப்புக்குப் பழி. அந்தக் கடைசி இரண்டு சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை. பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தி, "கதைச்சது நான்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் பிராவ் கெஸ்லர். "நான் கேட்டது தலைவரை."

இரண்டு பேருடைய தேர்ச்சித் தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

ஜனவரியில் மண்டபக் கதவின் திறப்பை ஆரணியிடம்தான் கொடுத்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் வந்து பூட்டைத் திறக்கும்வரை நான் வெளியே குளிரில் நிற்கிறேன். பத்துக்கு என்றால் பத்துக்கு வந்துவிடுவாள். நான்தான் வேளைக்கே போய்விடுகிறேன்.