எழுநூற்று நாற்பதில் ஒரு மொட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் மேல் சத்தியம். போன முறை இப்படிச் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன கதையில் எங்கள் பசு கூரைக்கு மேல் பறந்தது என்பதை வைத்து இதைச் சந்தேகிக்கக் கூடாது. அன்று காற்று அதிகம்.

விஷயம் இதுதான். என் மனைவி முனிலட்சுமிக்குத் தொரப்பள்ளி பக்கம் முக்கால் ஏக்கர் ரோஜாத் தோட்டம். ஒரு பிப்ரவரியில் பூ நல்ல விலைக்குப் போக, வந்த பணத்தில் காற்றலை ஒயர்லெஸ் என்ற கம்பெனியின் பங்கு முந்நூறு வாங்கிப் போட்டாள். ஒரு பங்கு தொண்ணூறு ரூபாய். கம்பெனி எங்கள் சிப்காட்டில்தான் இருக்கிறது. தோட்டத்து மண்ணில் ஈரம் எவ்வளவு என்று கம்பியில்லாமல் போனுக்குச் சொல்லும் பெட்டி செய்கிறார்கள். ஒன்றரை வருஷத்தில் பங்கு எழுநூற்று நாற்பதில் வந்து நின்றது. டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், இது முழு விலையை எட்டிவிட்டது என்றார். அடுத்த சேனலில் இன்னொரு கோட்டு, இதுதான் ஆரம்பம் என்றது.

"வித்துடலாங்க," என்றாள் முனிலட்சுமி. "செவப்புக் கலர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கணும். நானே ஓட்டிக்கினு தோட்டத்துக்குப் போவணும். அறுவத்திரண்டு வயசு வரைக்கும் பின்னாடி உக்காந்து உங்க முதுகையே பாத்தாச்சு. அதுல பாக்க ஒண்ணுமில்ல."

முதுகு விஷயத்தில் நான் வாதாடவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். அளக்காமல் எதையும் பாஸ் பண்ணியதில்லை. கல்யாணத்தன்று தாலியைக்கூட வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.

"மூணு நாள் டைம் குடு. முழு விலையா, முக்கால் விலையான்னு அளந்து சொல்றன்."

"தப்பா சொன்னீங்கன்னா?"

"ஆயுசுக்கும் களி நான் கிண்டறன்."

அவள் உடனே களித் துடுப்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள் காலை கம்பெனி கேட்டில் போய் நின்றேன். அங்கே பஸ் ஓட்டும் அருள்ஜோசப் எனக்குப் பழக்கம்.

"எத்தனை பஸ்ஸுப்பா ஓடுது?"

"போன வருஷம் மூணுதாண்ணா. இப்ப பதினேழு. பதினேழும் ரொம்பிப் போவுது. நேத்து ஒரு மேனேஜரு என் மடியில உக்காந்து வந்தாரு."

டைரியில் குறித்துக்கொண்டேன்: வளர்ச்சி நன்று. மேனேஜர் எடை கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் பொருளையே சோதித்தேன். பெட்டி ஒன்றை வாங்கி ரோஜாப் பாத்தியில் நட்டதும், அது போனோடு சேர்த்து, காது மந்தமான நான் மாட்டியிருக்கும் காது மெஷினையும் தன் பிள்ளை என்று சேர்த்துக்கொண்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசு என்று முனிலட்சுமியிடம் சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். சூளகிரி தாண்டியும் குரல் கணீரென்று வந்தது. கிருஷ்ணகிரி அணை மேல் நின்றபோது, "பால் வாங்காம எங்க போயித் தொலைஞ்சீங்க" என்பது பக்கத்தில் நின்று சொல்வதுபோலக் கேட்டது. ஒரு திசையை மட்டும் பார்த்துப் பாஸ் பண்ணுவது என் வழக்கமில்லை. திரும்பி வந்து, எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் கால் வைத்தேன். அதே திட்டு கன்னடத்தில் வந்தது: "ஏன்ரீ, ஹாலு எல்ரீ?" பால் எங்கே என்பதுதான். கன்னடத்தில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்ததால், அங்கேயே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்பேர்ப்பட்ட பொருளுக்கு எழுநூற்று நாற்பது எந்த மூலைக்கு? இரண்டாயிரம் பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முனிலட்சுமியும் கேட்டுக்கு வந்தாள். பஸ்ஸை அவள் எண்ணவில்லை. இளநீர் வண்டிக்காரரிடம் போய், "உங்ககிட்ட இந்த கம்பெனி ஷேரு கீதாண்ணா?" என்று கேட்டாள்.

"அறுவது கீதும்மா. போண்டாக்கடைக்காரரு நூறு வெச்சிக்கிறாரு. செக்யூரிட்டி நகையை வெச்சு வாங்கிக்கிறாரு."

அவள் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் எப்படியென்றால், விடியற்காலையில் தோட்டத்தில் பூ வெட்டும்போது இருக்குமே, அப்படி. மொட்டில் ஒரு இதழ் லேசாக விலகியதும் வெட்டிப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். ஒரு நாள் தாமதித்தால் விரிந்துவிடும். விரிந்தது மாலைக் கடைக்குத்தான், கிலோ கணக்கில்.

"வாங்கறவன் வூட்டு ஜாடியில விரியறதுக்கு மிச்சம் இருந்தாத்தாங்க அவன் காசு குடுப்பான்," என்றாள். "இளநி வெட்டறவர் வரைக்கும் வாங்கியாச்சு. இனிமே யாரு வந்து வாங்கணும்? அப்படியும் ஒரு இதழ் மூடிக் கீதுன்னா, அது வாங்கறவனுக்கு. அவனும் சந்தோஷமா இருக்கட்டுமே."

டைரியைப் புரட்டினேன். பஸ் இருந்தது, அணை இருந்தது, கர்நாடகம் இருந்தது. வாங்குகிறவன் எந்தப் பக்கத்திலும் இல்லை. முப்பத்தோரு வருஷமாக நான் அளந்து அனுப்பிய சாமான்களை யாரோ ஒருவன் பிரித்துப் பார்த்திருப்பான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. என் வெர்னியரில் அதற்குக் கோடு கிடையாது. டைரியில் எழுதியிருந்த இரண்டாயிரத்தை அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை எழுநூற்று ஐம்பத்திரண்டுக்கு விற்றோம். அதற்குப் பிறகு விலை ஏறியதா இறங்கியதா என்று நான் பார்க்கவில்லை. களி கிண்டும்போது போனைப் பார்க்க முடியாது.

இப்போது தினமும் காலையில் தொரப்பள்ளி சாலையில் எங்களைப் பார்க்கலாம். சிவப்பு ஸ்கூட்டர். முன்னால் முனிலட்சுமி, அவள் காலடியில் பூப்பெட்டி, பின்னால் நான். மேட்டில் ஏறும்போது, "கெட்டியா புடிச்சிக்கோங்க!" என்று கத்திவிட்டு முறுக்குவாள். எதிரே வரும் கம்பெனி பஸ்ஸிலிருந்து அருள்ஜோசப் விடாமல் ஹாரன் அடிப்பான். அவள் கொண்டையில் அன்றைக்கு வெட்டிய மொட்டு ஒன்று இருக்கும். மேடு தாண்டி, ஏரி தெரிகிற இடம் வருவதற்குள், அது காற்றில் ஒரு இதழ் விலகியிருக்கும்.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: காற்றலை ஒயர்லெஸ் பங்கு முதன்முதலாகச் சந்தைக்கு வருவதே அடுத்த வியாழக்கிழமைதான்.