முறியாத தகடு

மனைவி ரோஸ்விதாவை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் கெர்வின் ஹாஸ்லிங்கர் பயணம் கிளம்பிவிட்டார். விடுதி அறைகள் குளிர்காலத்திலேயே பதிவு செய்தவை. ரத்து செய்வதற்காகத் தொலைபேசியை எடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் கீழே வைத்தார். கிளம்பியதற்கு அதைத் தவிர வேறு காரணம் எதுவுமில்லை.

காரை ஓட்டியது ரோஸ்விதாவின் தம்பி கொர்பினியான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன், வாய் ஓயாது. மச்சானைத் தனியாக விட்டால் ஏதாவது பெட்ரோல் பங்கிலேயே நின்றுவிடுவார் என்று பயந்து கூட வந்திருந்தான்.

"மச்சான், ஒரு கன்னத்துல மட்டும்தான் சவரம் பண்ணியிருக்க."

கெர்வின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

போர்க்காலப் பொருட்களைச் சேகரிப்பவர் அவர். தலைக்கவசம், பதக்கம் என்று தொடங்கி, கடைசியில் சிப்பாய்கள் கழுத்தில் தொங்கவிடும் அடையாளத் தகடுகளில் வந்து நின்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் முட்டை வடிவத் துத்தநாகத் தகடு. குறுக்கே துளைகள் இருக்கும். இரண்டு பாதியிலும் படைப்பிரிவும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். ஆள் செத்தால் கீழ்ப்பாதியை முறித்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள், மேல்பாதி பிணத்தோடு போகும். முறியாமல் முழுசாகக் கிடைக்கும் தகட்டுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம்.

இங்கோல்ஷ்டாட்டில் கோட்டையைப் பார்த்தார்கள். உல்மில் பழைய கொத்தளங்களின் மேல் நடந்தார்கள். வேறு வருடமாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் கெர்வின் ஒரு கதை சொல்லியிருப்பார். இப்போது கல் கல்லாகத்தான் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்தது, காலியானது. எதைத் தின்றோம் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான்காம் நாள் லெர்ஷன்பெர்க் போனார்கள். யாக்ஸ்ட் ஆற்றுக்கு மேலே, குன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். 1945 ஏப்ரலில் அங்கே இரண்டு நாள் சண்டை நடந்தது. கெர்வினிடம் இருந்த முழுத் தகடுகளில் ஒன்று அந்தச் சரிவில் கிடைத்தது. 1988இல் ஷ்டுட்கார்ட் பழம்பொருள் சந்தையில் வாங்கியது. விற்றவன் உறையின் மேல் 'லெர்ஷன்பெர்க், மேற்குச் சரிவு' என்று எழுதித் தந்திருந்தான். அந்தச் சரிவைப் படம் எடுத்துப் பட்டியலில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம். வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு விவசாயி வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், பெயர் ஷாய்ஃபெலே.

"ஃபோட்டோ எடுக்கற அளவுக்கு என் வயல்ல என்னங்க இருக்கு?"

கெர்வின் சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்துக் காட்டினார். "இது இங்க கிடைச்சதுன்னு சொன்னாங்க."

ஷாய்ஃபெலே அதைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?"

"இல்ல. நான் சும்மா சேர்த்து வைக்கிறவன்."

"எப்படியும் ஒருநாள் யாராவது வருவாங்கன்னு இருந்தேன்." அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப வருஷம் முன்னாடி டவுன்காரன் ஒருத்தன், இரும்பு தேடுற மெஷினோட வந்தான். எங்கப்பாதான் தோண்டிக்கோன்னு விட்டாரு. சாயங்காலம் போய்ப் பார்த்தா குழியில எலும்பு. பூட்ஸ்கூட அப்படியே இருக்கு. இதை மட்டும் கழட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"ஏங்க, போலீஸ்ல சொல்லலையா?" என்றான் கொர்பினியான்.

"சொன்னா வேலி போட்டு வருஷம் பூரா நிலத்தை முடக்கிடுவாங்கன்னாரு அப்பா. மூடிட்டு மேல உழுதுட்டோம். அதுலேர்ந்து வருஷா வருஷம் நான் உழறேன். அந்த இடம் வந்தா கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்குவேன். வேறென்ன பண்றது?"

கொர்பினியான் மச்சானைப் பார்த்தான். கெர்வின் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தகடு முறியவில்லை என்றால் அவன் செத்த செய்தி மேலிடத்துக்குப் போகவே இல்லை. எலும்புக்கு ஊர் பேர் எதுவும் கிடையாது. இருந்த ஒரே அடையாளம் பதினெட்டு வருடமாகத் தன் மேசை இழுப்பறையில், பச்சை வெல்வெட்டின் மேல் கிடந்திருக்கிறது. இது நெஞ்சில் குத்த வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்தது. குத்தவில்லை. பல் பிடுங்கிய பின் மரத்துப்போன தாடையை விரலால் தட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"சொல்லிடலாம்" என்றார்.

"என் பேரு வருமா?" என்றார் ஷாய்ஃபெலே.

"என் பேரும்தான் வரும்."

விவசாயி எழுந்து சோளத்தைக் கை காட்டினார். "சரி. அறுப்பு முடியட்டும்."

போர்க் கல்லறைகளைக் கவனிக்கும் சங்கத்துக்கு எழுதினார் கெர்வின். அவர்கள் பெர்லினில் இருந்த பழைய பதிவேட்டில் எண்ணைத் தேடினார்கள். ஆறு வாரத்தில் பெயர் வந்தது. அன்ஸ்கார் யான்சன், பத்தொன்பது வயது, வடகடலோரத்தில் ஹூஸும் ஊர்க்காரன். தங்கை ஒருத்தி உயிரோடு இருக்கிறாள்.

அக்டோபரில் தோண்டினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தங்கை தெயாவுக்கு அறுபத்தெட்டு வயது. முந்தின நாள் முழுக்க ரயிலில் வந்திருந்தார். குழியில் எலும்புகள், இரண்டு பூட்ஸின் அடித்தோல், ஒரு கரண்டி. சங்கத்து ஆள் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். தெயா கரண்டியை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கெர்வினிடம் வந்தார். "தகடு உங்ககிட்டதான் இருந்துச்சாமே. எப்பக் கிடைச்சுது?"

"இப்பத்தாங்க, கொஞ்ச நாள் முன்னாடி..." என்று ஆரம்பித்தான் கொர்பினியான்.

"எண்பத்தெட்டுல" என்றார் கெர்வின்.

தெயா தலையசைத்தார். மழைத்துளி மூக்குக் கண்ணாடியில் வழிந்தது, துடைக்கவில்லை. "அம்மா தொண்ணூத்தொண்ணுலதான் போனாங்க" என்றார். குற்றம் சொல்வது போல இல்லை, அலுவலகத்தில் தேதி சொல்வது போலச் சொன்னார். "கடைசி வரைக்கும் வீட்டை மாத்த விடல. விலாசம் மாறிட்டா அவனுக்கு வழி தெரியாதாம்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. அந்தச் சொல் கெர்வினின் நாக்கு வரை வந்தது. ஆனால் யாரோ எழுதிக்கொடுத்த சொல் போல இருந்ததால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வாங்கிட்டு வந்த அன்னைக்கு என் மனைவி கேட்டா, இது யாரோடதுன்னு" என்றார். "நான் ரெஜிமெண்ட் பேரைச் சொன்னேன். 'அதைக் கேக்கல, யாரோடது'ன்னு மறுபடி கேட்டா. நம்பர் மட்டும்தான் இருக்குன்னேன். பெர்லினுக்கு எழுதிக் கேட்டிருந்தா பேரு தெரிஞ்சிருக்கும். எனக்குத் தோணவே இல்ல."

"அவங்க வந்திருக்காங்களா?"

"மே மாசம் செத்துப்போயிட்டா."

தெயா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "இது மாதிரி உடையாதது இன்னும் எத்தனை வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு. நிறையப் பேரு உயிரோட வீடு திரும்பியும் இருப்பாங்க."

"இருப்பாங்க" என்றார் தெயா. "சில பேரு திரும்பியிருக்க மாட்டாங்க." போகும்போது ஷாய்ஃபெலேவின் கையைக் குலுக்கினார், கொர்பினியானின் கையைக் குலுக்கினார். கெர்வினிடம் கை நீட்டவில்லை. அன்ஸ்காரை எந்தக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

அடுத்த திங்கட்கிழமை கெர்வின் சமையலறை மேசையில் தகடுகளைப் பரப்பினார். ஒவ்வொரு எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஒரு தகட்டுக்கு ஒரு கடிதம் என்று பெர்லினுக்கு எழுத ஆரம்பித்தார். துக்கமோ நல்லது செய்கிறோம் என்ற நினைப்போ எதுவும் வரவில்லை. பாத்திரம் கழுவுவது போலத்தான் செய்தார். ஆனால் நிறுத்தவில்லை.

புதன்கிழமை மதியம் கொர்பினியான் ஒரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தான்.

"எத்தனாவது மச்சான்?"

"பதினேழு."

"சாப்பிட்டியா?"

கெர்வின் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "தெரியல" என்றார்.

கொர்பினியான் இரண்டு தட்டு எடுத்து வைத்தான். கெர்வின் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, மேசையில் தட்டுக்கு இடம் ஒதுக்கினார்.